முதுகில் ஊசி, காதில் சுத்தியல்

இருபத்தெட்டு வருஷம் அமெரிக்காவின் டுலூத் நகரில் ஸ்கூல் பஸ் ஓட்டியவர் லோர்னா ஹௌகன். தினமும் காலையில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயர், விளக்கு, அவசரக் கதவு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்காமல் சாவியைத் திருப்பியதே இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய், முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு முந்தின வாரம், ‘முழு மயக்கம்’ என்று முன்கூட்டியே டிக் அடித்த சம்மதப் படிவத்தை நீட்டினார் மயக்க மருந்து டாக்டர் ப்ரூயிட்.

"இதுல யார் டிக் அடிச்சது? நானா?"

"எல்லாருக்கும் வழக்கமா இதுதான், மேடம்."

"எல்லாரோட முட்டியையுமா அறுக்கப் போறீங்க? என்னோடதைத்தானே! வேற வழி இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க. அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது."

டாக்டர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யலாம் என்றார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, முதுகில் எப்போதாவது அறுவை நடந்ததா என்று கேட்டார். இரண்டுமே இல்லை.

"அப்போ தாராளமா போடலாம். ஆனா முழிச்சிருந்தா, புது மூட்டை எலும்புல அடிச்சு இறக்குற சுத்தியல் சத்தம் கேக்கும். வேணும்னா லேசா தூங்க வைக்கிறேன்."

"ஒண்ணும் வேண்டாம்."

அறுவை அன்று, திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் டமால் டமாலென்று விழுந்தது. ப்ரூயிட் குனிந்து, "சத்தம் தாங்கலையா? தூங்க வைக்கட்டுமா?" என்றார்.

"எனக்குப் பின்னாடி அம்பது பிள்ளைங்க கத்திக்கிட்டே வருவாங்க, டாக்டர். சத்தம் கேட்டு நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்ல. சத்தம் நின்னாத்தான் வண்டியை ஓரங்கட்டுவேன்."