பூட்டியிருந்த ஆய்வகம்

சாலவாக்கத்தில் நெல் பயிரிடும் எட்டியப்பனின் மகள் தாரிணி, தடய அறிவியல் படிக்க ஆசைப்பட்டாள். இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. சென்னைக் கல்லூரியில் நல்ல ஆய்வகம் இருந்தது. ஆனால் விடுதியில் தங்க வேண்டும். பக்கத்து ஊரிலிருந்த இன்னொரு கல்லூரியின் பேருந்து சாலவாக்கத்துக்கே வரும். அங்கே போய்ப் பார்த்தபோது ஆய்வகம் பூட்டியிருந்தது. "அடுத்த வருஷம் எல்லாம் வந்துடும்" என்றார் அலுவலக ஊழியர்.

"தெனிக்கும் வூட்டுக்கு வந்துடலாம். இன்னா சொல்ற?" என்றார் எட்டியப்பன். தாரிணி சரியென்று தலையாட்டி, அங்கேயே சேர்ந்தாள்.

மூன்று வருடமும் ஆய்வகம் திறக்கவில்லை; கருவிகள் எல்லாவற்றையும் பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்தாள். படிப்பு முடிந்து ஒரு தனியார் ஆய்வகத்துக்கு நேர்காணலுக்குப் போனாள். கண்ணாடி டம்ளரைக் கொடுத்து, அதிலுள்ள கைரேகையை எடுக்கச் சொன்னார்கள். பொடியை அள்ளித் தூவி, பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தாள். ரேகை அழிந்துபோனது.

"அந்த பிரஷ்ஷ இன்னிக்குத்தான் நைனா மொதமொதல்ல கையில புடிச்சேன்" என்றாள், வீட்டுக்கு வந்து.

எட்டியப்பன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "கிட்ட கீதுன்னு மட்டும் பாத்துட்டேன்மா. கதவத் தொறந்து காட்டுங்கன்னு ஒரு வார்த்த கேக்கல."

"நானுந்தான் கேக்கல."

இப்போது அவள் உத்திரமேரூரில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். உறவுக்காரர்கள் யாராவது, "பொண்ணு இன்னா படிச்சிகீது?" என்று கேட்டால், எட்டியப்பன் படிப்பின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்.