இரண்டாவது கோடு

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் ஜெல்லக்கா. பத்தொன்பது வருஷமாக ஜெல் என்கிற கூழ்த்தகட்டை வார்த்து, அதில் ஆர்.என்.ஏ. துண்டுகளை ஓடவிட்டு, நீளவாரியாக அவை தனித்தனிக் கோடாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்துச் சொல்லும் வேலை. அந்தக் கைமேல் பழி விழுந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். நாலு வகை ரசாயன எழுத்துகளைக் கோத்த ஆர்.என்.ஏ. என்கிற இழை தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி போல நிற்கும். ஒரு நொதி வந்து அதை வெட்டும். வெட்டி விழும் குட்டித் துண்டுதான் சில மரபணுக்களை வாயைத் திறக்கவிடாமல் அடக்கி வைக்கும். எங்கே வெட்டுவது என்பதை மடிப்பு சொல்லும். பேராசிரியர் எதிர்பார்த்தது இருபத்திரண்டு எழுத்து நீளத்தில் ஒரே கோடு. ஜெல்லில் அதற்குக் கீழே, ஓர் எழுத்து குறைந்த இன்னொரு கோடும் வந்து நின்றது.

"கையுறை சரியா போட்டிருக்க மாட்டீங்க. உங்க விரல்ல இருக்கிற நொதி பட்டு இழையை அரிச்சிருக்கு" என்றார்.

"விரல் பட்டா தேய்ச்சுவிட்ட மாதிரி இழுவிக்கிட்டு நிக்கும் சார். இது நறுக்குன்னு நிக்குதே."

படித்தவர் கணக்கு தப்புமா? தப்பினால் ஜெல் வார்த்தவள் கைதானே தப்பியிருக்க வேண்டும்! அவள் கோப்பில் 'கவனக்குறைவு' என்று ஒரு கடிதமே ஏறிவிட்டது. வருஷா வருஷம் வேலையைப் புதுப்பிப்பது அந்தக் கோப்பைப் பார்த்துத்தான்.

வீட்டில் கணவர், "விட்டுத் தள்ளு" என்றார். அவர் பஸ் ஓட்டுநர்.

"நீங்க பண்ணாத விபத்துக்கு உங்க லைசென்ஸைப் பிடுங்கினா விட்டுத் தள்ளுவீங்களா?"



மறுநாள் ஆய்வகத்தில் மடிப்பின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். வெட்டு விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் எழுத்து ஜோடியில்லாமல் புடைத்துக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் அதற்கு ஒரு ஜோடி எழுத்தைச் சேர்த்து, புடைப்பில்லாத இழை ஒன்றை ஆராய்ச்சி மாணவியிடம் சொல்லித் தருவித்தாள். பழையதையும் புதியதையும் தனித்தனிக் குழாயில் சூடாக்கி, சட்டென்று ஐஸில் வைத்தாள். மெதுவாக ஆறவிட்டால் இழைகள் தம்மேல் மடியாமல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். மடிந்ததும் இரண்டிலும் நொதியைச் சேர்த்து, பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினாள். அதே கை, அதே கையுறை, அதே ஜெல். பழையதில் இரண்டு கோடு. புதியதில் ஒன்றே ஒன்று.

படத்தைப் பார்த்ததும் பேராசிரியர் முகம் மலர்ந்தது. "அட, புடைப்புதான் வெட்டை நகர்த்தியிருக்கு. நம்ம கட்டுரைக்கு இதுதான் தலைப்பு. இன்னும் ஆறு இழை வாங்கிடலாம், நீங்களே மடிச்சு ஓட்டிடுங்க."

பழி என்றால் 'உங்க'. பேர் என்றால் 'நம்ம'. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தக் கடிதம் சார்?"

"அது பழைய கதைம்மா. இப்ப எதுக்கு?"

ஜெல்லக்கா கையுறைகளை நிதானமாகக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தாள்.

"இந்தக் கை பட்டா அரிக்கும்னு கோப்புல இருக்கு சார். அதை மாத்தி எழுதி நீங்க கையெழுத்து போடுற வரைக்கும், உங்க ஆறு இழையையும் இந்தக் கை தொடாது."

தன் சட்டைப்பையிலேயே இருந்த பேனாவைப் பேராசிரியர் மேஜையெங்கும் தேடினார்.