ரெட்டியார்சத்திரம் ரோட்டில் வையும் கிளி

திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கும்போது விடிய இன்னும் நேரமிருந்தது. சென்னையிலிருந்து நானூற்று இருபது கிலோமீட்டர், முழுக்க மேல் பெர்த்தில். ஐம்பத்திரண்டு வயதில் மேல் பெர்த்துக்கு ஏறி இறங்குவதும் ஒரு ரைடுதான். தனிக் கட்டணம் கேட்பதில்லை என்பதோடு சரி.

ரைடுதான் என் பிழைப்பு. கேளிக்கைப் பூங்காக்களுக்கு ராட்டினம், சறுக்கு, குகை என்று வரைந்து கொடுக்கிறேன். ஆனால் ராட்டினத்தில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். புதிய வாடிக்கையாளர்களிடம் நான் இதைச் சொல்வதில்லை. என் மனைவி சொல்லிவிடுவாள்.

நான்கு வருடம் முன்பு, திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் சாலையில், ரெட்டியார்சத்திரம் தாண்டி இருக்கும் ஒரு பூங்காவுக்கு ‘பேசும் குகை’ என்ற ரைடைச் செய்து கொடுத்தேன். ஆறு பேர் உட்காரும் சின்ன வண்டி, தண்டவாளத்தில் இருட்டுக்குள் நகரும். ஆளுக்கொரு டார்ச். குகைக்குள் புலி, யானை, கரடி, மலைப்பாம்பு, குரங்கு, ஆந்தை, கிளி என ஏழு பொம்மைகள். எதன்மேல் வெளிச்சம் அடிக்கிறீர்களோ அது அசையும், பேசும். வெறுமனே உட்கார்ந்து போகிற ரைடு இல்லை, ஏறியவர் செய்வதற்குப் பதில் செய்கிற ரைடு. எங்கள் தொழிலில் இதற்கு இன்டராக்டிவ் என்று பெயர். இந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் விலை இரண்டு மடங்காகும்.

இப்போது பூங்கா முதலாளி போன் செய்து, குகைக்கு இந்தக் கோடை விடுமுறையில் நிற்க இடமில்லை, பூங்காவைப் பெரிதாக்க வேண்டும், வாருங்கள் என்றார். செய்து கொடுத்த ரைடுக்காக யாராவது இரண்டாம் முறை கூப்பிட்டால் அது பெரும்பாலும் சண்டைக்குத்தான். பாராட்டக் கூப்பிட்டது இதுவே முதல் தடவை. அதனால் டிக்கெட் நானே எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் குளித்துவிட்டு (பக்கெட் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே மறுத்தது), பொங்கல் வடை சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் சிக்கந்தர், பேகம்பூர்க்காரர். நானூற்றைம்பது கேட்டார். பேரம் பேசி நானூறுக்குக் குறைத்தேன். சாயங்காலம் ஐந்துக்கு வந்து கூட்டிப் போவதாகவும் பேச்சு.

ஊரைத் தாண்டியதும் மலைக்கோட்டைப் பாறை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டு பக்கமும் வறண்ட சமவெளி. நடுநடுவே முருங்கைத் தோட்டம், மில்லின் தகரக் கூரை, வீட்டுமனைக் கொடிகள். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் கொண்டுபோகும் வண்டிகள் முன்னால் போக, சந்தையிலிருந்து ஏற்றிவரும் லாரிகள் எதிரே வந்தன. அவற்றிலிருந்து வெங்காயச் சருகு பறந்து வந்து என் தொப்பியில் ஒட்டிக்கொண்டது. தொப்பி வெயிலுக்கு என்று சொல்லிக்கொள்வேன். வழுக்கைக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

பூங்காவுக்கா என்று கேட்ட சிக்கந்தர், தானாகவே சொன்னார்: “குகைக்குள்ள கட்டாயம் போங்க சார். கிளி ஒண்ணு இருக்கு. நல்லா வையும்.”

“வையுமா?”

“எங்க மச்சான் வண்டிக்கு வெளிய கைய நீட்டிக்கிட்டே போயிருக்கான். ‘ஏலே வெள்ளச் சட்ட, கைய உள்ள வையிடா, வீட்டுக்குக் கொண்டு போகணும்ல’ன்னு கேட்ருச்சு சார். ரெண்டு நாளா அவன் அந்தச் சட்டையப் போடவே இல்ல.”

நான் நம்பவில்லை. அந்தக் கிளிக்குத் தெரிந்தது மொத்தம் ஐந்து வாக்கியம். சென்னையில் ஒரு குரல் கலைஞரை உட்காரவைத்து நானே பதிவு செய்தவை. ‘வணக்கம் குழந்தைகளே’ என்பதுதான் அதன் உச்சகட்டக் கோபம்.

முதலாளி செல்லமுத்து வாசலுக்கே வந்து நின்றார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்துச் சம்பாதித்தவர், அறுபது தாண்டியவர். வாங்க தம்பி என்றார். என்னைத் தம்பி என்று கூப்பிடுகிறவர்கள் குறைந்து வருவதால் அதிலேயே பாதி மயங்கிவிட்டேன். பூங்காவின் பின்பக்கம் பத்து ஏக்கர் காட்டினார். மக்காச்சோளம் அறுத்த தட்டை மட்டும் நின்றது. இந்த இடம் முழுக்க எதிர்காலம் என்று கையை வீசினார். ஒரு ஆடு அந்த எதிர்காலத்தை மேய்ந்துகொண்டிருந்தது.

“அந்தக் கிளிதானுங்க தம்பி கூட்டத்தை இழுக்குது. உங்க கம்ப்யூட்டரு எங்கூர்ப் பேச்சை எப்புடிங்க பழகுச்சு? அதே மாதிரி இன்னும் மூணு குகை வேணுமுங்க.”

நான் புன்னகை செய்தேன். தெரியாத விஷயத்துக்குப் புன்னகை செய்வது எங்கள் தொழிலில் பாதி.

முந்நூற்றைம்பது ரூபாய் டிக்கெட்டை இலவசமாக வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். வண்டியில் என்னோடு தொப்பம்பட்டியிலிருந்து வந்த ஒரு குடும்பம். அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண்ணுக்கு நான்கு வயது இருக்கும். பயந்து டார்ச்சைத் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டாள். நான் வரைந்தபடி பார்த்தால் விலங்கின் மேல் வெளிச்சம் படாதவரை எதுவும் நடக்கக்கூடாது. ஆனால் புலி மெதுவாகத் தலையைத் தாழ்த்தியது. யானை அவள் பக்கம் மட்டும் தும்பிக்கையை ஆட்டியது. அவள் சிரித்தாள். கடைசி வளைவில் கிளி. நான் டார்ச்சையே எடுக்கவில்லை.

“தொப்பி போட்ட பெரியவரே, பைய மடியில வைங்க. பாப்பா செத்த நேரம் நல்லா உக்காரட்டும்.”

வண்டியே சிரித்தது. பையை மடியில் வைத்தேன். தம்பியாக இருந்த காலம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

இறங்கியதும் குகையின் பின்பக்கம் போனேன். மேனேஜர் ஓடிவந்து அங்கே பாம்பு இருக்கிறது என்றார். பாம்பை வைத்ததே நான்தான் என்று சொல்லிவிட்டுத் தகரக் கதவைத் திறந்தேன். சுவருக்கும் கூரைத் தூண்களுக்கும் நடுவே, வயர் இழுக்கவும் பழுது பார்க்கவும் இரண்டடி அகலத்தில் ஒரு சந்து வரைந்திருந்தேன். அங்கே, கவிழ்த்துப் போட்ட, தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் டப்பாவின் மேல், முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் கழுத்தில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். எதிரே சுவரில் வரிசையாக ஓட்டைகள். பரிசோதனைக்காக நான் வைத்திருந்த ஏழு சுவிட்சுகளும் மைக்கும் கைக்கெட்டும் தூரத்தில். அவர் ஓட்டையில் கண்ணை வைத்தபடியே ஒரு விரலைத் தூக்கி என்னை நிற்கச் சொன்னார். ஆந்தையைத் திருப்பினார். கிளியின் குரலில் யாரையோ செல்போனை உள்ளே வைக்கச் சொன்னார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“ஐயோ, தொப்பி” என்றார்.

அவர் பெயர் ஜெசிந்தா. சித்தையன்கோட்டைப் பக்கம் வீடு. மில்லில் இருந்துவிட்டு, இங்கே வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். நடந்ததை அவர் சொல்ல, மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போன ஆயுத பூஜைக்கு எல்லா எந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்கள். ஏழு விலங்குக்கும் நெற்றியில் வைத்திருக்கிறார்கள். டார்ச் வெளிச்சத்தைப் பார்க்கிற சென்சார் அந்த நெற்றியில்தான் இருக்கிறது. காய்ந்த சந்தனம் போகவில்லை என்று யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் ஏழும் குருடாகிவிட்டன. பூஜை வைக்கச் சொன்னவர் மேனேஜர் என்பதால் முதலாளி காதுக்கு இது போகவே இல்லை.

சென்சாரை நெற்றியில் வைத்தது யார் என்று நீங்கள் கேட்கலாம். வருஷா வருஷம் தன் கம்ப்யூட்டருக்கே பொட்டு வைக்கிற ஒருவன், ஏழு விலங்குகளின் நடு நெற்றியில் வட்டமாக ஒரு கண்ணாடியைப் பதித்துவிட்டு, அங்கே யாரும் சந்தனம் வைக்க மாட்டார்கள் என்று நம்பியிருக்கிறான்.

“ரெண்டு நாளைக்கு உள்ள உக்காந்து சுவிட்சப் போடு ஜெசிந்தா, அதுக்குள்ள ஆளு வந்து சரி பண்ணிருவாகன்னாரு மேனேஜரு. இப்ப மே மாசம்” என்றார் ஜெசிந்தா. “சும்மா சுவிட்ச மட்டும் போட்டிருந்தா கூட்டம் வந்திருக்காது சார். உங்களக் கூப்புட்டிருப்பாக, நானும் வெளிய வந்திருப்பேன். வாய வச்சுக்கிட்டு இருக்க முடியாம மைக்க எடுத்துத் தொலச்சுட்டேன்.”

உள்ளே தகரத்தின் அனல் தலையில் இறங்கியது. நான் நின்ற பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வண்டி வந்துகொண்டே இருக்கும் என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார். குடித்தால் வெளியே போக வேண்டி வருமாம். சென்சார் சரியானால் வேலை போய்விடும் என்ற பயம் இல்லையா என்று கேட்டேன்.

“நான் வாசல் கேட்டு ஆளு சார். அங்க நின்னா ரோடு தெரியும், பஸ்ஸு தெரியும். இங்க மழை பேஞ்சாக்கூட, எவனாச்சும் நனஞ்சு உள்ள வந்தாத்தான் தெரியுது. நீங்க பெரியாளுகதான, சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க.”

ஏழு சென்சார் வாங்க முதலாளி ஒரு வார்த்தை சரி என்றால் போதும், ஒரே வாரத்தில் மாட்டிவிடலாம் என்றேன். பள்ளிக்கூடம் திறக்கும்போது நீங்கள் வாசலில் நிற்பீர்கள் என்றும் சொன்னேன். அவர் அதை நம்பியதற்கு அடையாளமாக மேனேஜரைப் பார்த்துக் கிளியின் குரலில், “கேட்டீகளா?” என்றார்.

மதியம் முதலாளி அறையில் ஏசிக்கு நேர் எதிரே சீரகச் சம்பா பிரியாணி. கம்ப்யூட்டர்தான் பேசுகிறது என்று சொல்லி அந்தப் பெயரை நானே வாங்கிக்கொண்டிருக்கலாம். மூன்று குகைக்கும் காசு வந்திருக்கும். வாழ்க்கையில் எப்போதாவது வருகிற நேர்மை அன்றைக்குப் பார்த்து வந்தது. சந்தனத்திலிருந்து தக்காளி டப்பா வரை எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜரைக் கூப்பிட்டுக் கத்துவார், சென்சாருக்குச் சரி சொல்வார், ஜெசிந்தா வெளியே வருவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாக உட்கார்ந்தார்.

“ஏழு மிருகத்துக்கும் ஒரே ஆளுங்களா?”

ஆமாம் என்றேன்.

“அப்ப அந்த சென்சாரு இல்லாமயே ஓடுதுங்க.”

அந்த இடத்தில்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. அவசரமாக அனல், தண்ணீர், உடம்பு என்று அடுக்கினேன். மனுஷி சோர்ந்துவிட்டால் ரைடு நின்றுவிடும் என்று வியாபாரமாகவும் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“மிஷினு மக்கர் பண்ணுனா உங்களுக்குப் போன் போடோணும், நீங்க சென்னையிலிருந்து வரோணும். ஆளு மக்கர் பண்ணுனா இன்னொரு ஆளுங்க தம்பி. உங்க கம்ப்யூட்டரு என்னைக்காச்சும் பெரியவரேன்னு கூப்புடுமுங்களா?”

தொப்பியைக் கழற்றினேன். வழுக்கை ஞாபகம் வந்து மறுபடி போட்டுக்கொண்டேன்.

மூன்று குகைக்கும் சென்சார் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். சந்து மட்டும் போதும், ஒவ்வொன்றிலும் ஒரு ஆள். ஜெசிந்தாவை வைத்தே மற்றவர்களைப் பழக்கிக்கொள்ளலாம், சம்பளத்தில் ஏதாவது பார்த்துப் போடலாம். என் வரைபடக் கூலியில் ஒரு ரூபாய் குறையாது என்று அவரே முன்வந்து சொன்னார். வேண்டாம் என்று எழுந்து வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு நல்ல முடிவு கிடைத்திருக்கும். நான் பென்சிலை எடுத்தேன்.

சந்தின் அகலத்தை இரண்டடியிலிருந்து மூன்றடி ஆக்கினேன். அதற்கு முதலாளி தலையாட்டினார். கூரையோரம் ஒரு காற்றுத் துவாரமும் ஒரு மின்விசிறியும் போட்டேன். அவர் என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, விசிறியின் மேல் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தார்.

“மைக்குல சத்தம் கேக்குமுங்க.”

நாலரை மணிக்குக் கிளம்பும்போது, தகரக் கதவைத் தட்டி நேரில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் வரிசையில் நின்றேன். கூட்டத்தோடு கூட்டமாக இருட்டுக்குள் போய் வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. மேனேஜர் வாசலில் எதிர்ப்பட்டு, ஜெசிந்தாவிடம் எல்லாம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். ரொம்ப நிம்மதியாக இருந்தார்.

இந்த முறை பையை முதலிலேயே மடியில் வைத்துக்கொண்டேன். புலியின் மேல் டார்ச் அடித்தேன், அசையவில்லை. முன் சீட்டுப் பையன் அடித்தான், உறுமியது. யானை, கரடி, பாம்பு, எல்லாம் மற்ற ஐந்து பேருக்கும் ஆடின, பாடின. என் வெளிச்சம் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் மட்டும் தெரிந்தது. கடைசி வளைவில் கிளியின் முகத்துக்கு நேராக அடித்து, எடுக்காமல் பிடித்திருந்தேன். பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்ணிடம் அது, கம்மலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியில் உப்புத்தாள் போட்ட தடம் வெள்ளையாகத் தெரிந்தது. வண்டி வெயிலுக்குள் வந்துவிட்டது.

சிக்கந்தர் சொன்ன நேரத்துக்கு நின்றார். ரெட்டியார்சத்திரம் தாண்டியது. அவராகவே கேட்டார்.

“கிளி வஞ்சுச்சா சார்?”

“காலையில வஞ்சுச்சு. சாயங்காலம் போனேன், ஒண்ணும் சொல்லல.”

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அப்பத் திருந்திட்டீக சார்.”

ஸ்டேஷனில் நானூற்றைம்பது கேட்டார். கொடுத்தேன்.