மேடை ஏறாத அம்மா

மறைமலைநகர் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு நிர்மலாவுடையது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம். போன வாரம் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "அக்கா, நீ முன்னாடி கல்யாண போட்டோ எடுத்துகினு இருந்தியாமே. இவங்கள புக் பண்லாமா? இன்னா இன்னா கேக்கணும், சொல்லு" என்றாள். திரையில் மாமல்லபுரம் கடற்கரை, ஒரு ஜோடி, சுற்றிலும் ஆரஞ்சுப் புகை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் புகைக்குழாயைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே ஓடி, இருமி, கண் எரிந்து நின்றவள்தானே நானும்.

ஊருக்குப் புத்தி சொல்ல யாருக்குத்தான் ஆசையில்லை? சிங்கப்பெருமாள் கோயில் வரும்வரை விட்டேன் பாருங்கள் ஒரு பிரசங்கம். சாம்பிள் ஆல்பத்தில் இருபது கல்யாணத்து அழகையெல்லாம் பொறுக்கி வைத்திருப்பான், ஒரே கல்யாணத்தை முழுசாகக் காட்டச் சொல். பேச வருகிறவன் ஒருத்தன், அன்றைக்குக் கேமராவோடு வந்து நிற்கிறவன் இன்னொருத்தன். யார் வருவான் என்று பேரைக் கேட்டுக்கொள். ஆல்பம் கொடுத்த பிறகு எடுத்த படத்தையெல்லாம் எத்தனை நாள் வைத்திருப்பான் என்றும் கேள். நிர்மலா தலையாட்டிக்கொண்டே டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சம்பழச் சோறு. வாசனை வந்ததும் என் பிரசங்கம் நின்றுபோனது.

எலுமிச்சை என்றால் எனக்குச் சோறு ஞாபகம் வராது. செல்வியின் அம்மாவுடைய கைதான் ஞாபகம் வரும்.

அப்போது நான் செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். பெண் கேமராக்காரி என்றால் மணப்பெண் அறைக்குள் தாராளமாகப் போய் வரலாம் என்பதற்காகவே முதலாளி என்னை வைத்திருந்தார். என் திறமைக்காக என்று நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தது வேறு விஷயம். செல்வி, திருவிடந்தைப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா கூடையில் மீன் விற்று மகனையும் மகளையும் ஆளாக்கியவர். கல்யாணத்தன்று காலை மணப்பெண் அறை மூலையில் உட்கார்ந்து, அரை எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் போட்டு அந்த அம்மா தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா பண்றீங்க?" என்று கேட்டேன்.

"மாப்ள வூட்டுக்காரங்க கைய புடிச்சிப் பேசுவாங்க கண்ணு. மீன் நாத்தம் அடிச்சா நல்லாவா கீது?" என்றார்.

அதை ஒரு படம் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வளையல், ஜடை, மருதாணி, கண்ணாடி பார்க்கும் பெண் என்று என் பட்டியல் வேறாக இருந்தது.

எங்கள் தொழிலில் மேடைதான் உலகம். மேடை ஏறிப் பரிசு கொடுத்துக் கேமராவைப் பார்த்துச் சிரித்தவர் ஆல்பத்தில் இருப்பார், ஏறாதவர் இருக்க மாட்டார். மாப்பிள்ளையின் மாமாவுக்குச் சீட்டாட்டத்தில் பழக்கமானவர் இரண்டு பக்கத்துக்கு இருப்பார். புருஷன் இல்லாத அம்மா மேடைப் பக்கமே வர மாட்டார். வராதே என்று யாரும் சொல்லக்கூட வேண்டாம், தானே தூணோரம் ஒதுங்கிவிடுவார். எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு தடவையாவது இறங்கிப்போய் எடுக்கத் தோன்றியதா? என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கெட்டிமேளம் முழங்கியபோது செல்வியின் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. தூணை விட்டு மேடைப் படிக்கட்டு வரை வந்துவிட்டார். அவர் புடவை ஓரம் என் ஃப்ரேமில் விழுந்தது. "அம்மா, கொஞ்சம் தள்ளிக்கோங்க, ஃப்ரேம்ல வரீங்க" என்று கையை வீசினேன். "சரி கண்ணு" என்று திரும்பிப் போனார். மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவர் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. படம் அருமையாக வந்தது. முதலாளி அதைப் பெரிசாக்கி ஸ்டுடியோ வாசலில் மாட்டினார்.

எட்டு மாதம் கழித்துச் செல்வி ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கருமாதிக்கு மாலை போட ஒரு படம் இல்லை. "போன்ல எடுக்கப் போனா மூஞ்ச மூடிக்கும்க்கா. ஆதார் கார்டுல கீறது எங்கம்மா மூஞ்சியே இல்ல. நீங்க எடுத்ததுல பாருங்க, ஓரமா எங்கனா நின்னுகினு இருந்திருக்கும்" என்றாள்.

ஓரமாக நின்றதைத்தான் நான் விரட்டிவிட்டேனே. இருந்தாலும் தேடினோம். ஆல்பம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியதும் டிஸ்க்கை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். மீதி இருந்தது எங்கள் வீடியோக்காரர் எடுத்து ஆல்பத்தோடு அவளுக்குக் கொடுத்த வீடியோ ஒன்றுதான். இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்ததில் ஒரே ஓர் இடத்தில் அவர் இருந்தார். படியிலிருந்து திரும்பி நடக்கிற முதுகு. பக்கத்தில், தள்ளிப் போ என்று வீசுகிற என் கை.

செல்வி அதை நிறுத்தச் சொல்லி வெகுநேரம் பார்த்தாள். "கம்ப்யூட்டர்ல இத்த இந்தப் பக்கம் திருப்ப முடியாதாக்கா?" என்று கேட்டாள். முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார். முடியாதும்மா என்று நான்தான் சொன்னேன். அந்த வருஷமே கேமராவை வைத்துவிட்டுக் கம்பெனி வேலைக்கு வந்தேன்.

போன மாதம் செல்வி திடீரென்று போன் செய்தாள். இப்போதெல்லாம் முகத்தைக் கம்ப்யூட்டரே உண்டாக்கித் தருகிறதாம். ஆதார் படத்தை ஒரு கடையில் கொடுத்து, கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு என்றும் சொல்லியிருக்கிறாள். அதில் கன்னம் தெளிவாக இல்லை, மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார்கள்.

"அண்ணன் வலது பக்கம்ன்றான். எனக்கு இடதுன்னு தோணுது. நெஜமா எனக்கு மறந்துபூட்ச்சிக்கா. நீங்க அன்னிக்கி எதுத்தாப்ல குந்திப் பேசுனீங்களே, உங்களுக்கு ஞாபகம் கீதா?"

எனக்கு அந்த அம்மாவுக்கு மச்சம் இருந்ததே ஞாபகம் இல்லை. முகமே ஞாபகம் இல்லை. அவள் மறுமுனையில் காத்துக்கொண்டிருந்தாள்.

"வலது பக்கம்" என்றேன்.

"அப்ப அண்ணன் சொன்னதுதான் சரி" என்றாள். அவ்வளவு நிம்மதி அந்தக் குரலில்.

இரண்டு நாளில் படத்தை அனுப்பினாள். பட்டுப்புடவையில் யாரோ ஓர் அம்மா, வலது கன்னத்தில் மச்சத்தோடு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். வீட்டில் மாட்டி மாலையும் போட்டாயிற்றாம். போகப் போகச் செல்விக்கும் அதுதான் அம்மா முகம் ஆகிவிடும்.