அங்குலத்துக்கு ஆறு தையல்

பட்டாளத்துக்குப் பை தைப்பது கல்யாணத்துக்கு ரவிக்கை தைப்பது மாதிரி இல்லை. ரவிக்கை சரியில்லை என்றால் பெண் வீட்டார் வந்து சண்டையாவது போடுவார்கள், பட்டாளத்தில் காகிதம்தான் வரும். சப்ளை வேலை பார்த்து, 'ரிஜெக்ட்' என்ற வார்த்தையைக் காதால் கேட்டவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே சாதி.

நான் எஸ்தர். அருப்புக்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சராக இருந்தேன். அறுபதுகளில் மழை பொய்த்துப்போன ஒரு வருஷம், பஞ்சு வியாபாரம் பார்த்த அண்ணாச்சி ஒருத்தர் என்னைத் தேடி வந்தார். விமானத்திலிருந்து குதிக்கிற கமாண்டோ பட்டாளம் ஒன்றுக்கு முதுகுப் பை தைக்கவும், கிழிந்து வருவதைப் பழுது பார்க்கவும் மதுரையில் ஒரு கம்பெனி காண்ட்ராக்ட் எடுத்திருந்தது. அதில் ஒரு பங்கை அண்ணாச்சி வாங்கியிருந்தார். பக்கத்துப் பாலவனத்தத்தில் சும்மா கிடந்த அவருடைய பஞ்சுக் கிட்டங்கி ஷெட்டில் பதினாலு மெஷினைப் போட்டு, பதினாலு பெண்களைச் சேர்த்து, என்னை மேற்பார்வைக்கு உட்கார வைத்தார்.

ஒரு தடவைக்கு முந்நூறு பை. அதற்கு 'லாட்டு' என்று பெயர். மூன்று லாட்டு தொடர்ந்து ரிஜெக்ட் ஆனால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும் என்று காகிதத்திலேயே எழுதியிருந்தது. கம்பு கருகி, கிணறு வற்றிக் கிடந்த வருஷம் அது. அந்தப் பதினாலு வீட்டில் உலை கொதித்தது இந்த ஷெட்டை நம்பித்தான். ராத்திரி கண்ணை மூடினால் எனக்கு அந்த 'மூன்று'தான் தெரியும்.

ரகசியப் பட்டாளம்

முதல் நாளே அண்ணாச்சி எங்களை வட்டமாக உட்காரவைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். இது சாதாரணப் பட்டாளம் இல்லை, ரகசியப் பட்டாளம். யாருக்குத் தைக்கிறோம் என்று புருஷனிடம்கூட மூச்சு விடக்கூடாது. எல்லாரும் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார்கள். நான் வேதாகமத்தின் மேல் கை வைத்தேன்.

பதினைந்து நாள் கழித்துக் காலை பஸ்ஸில் டவுனிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஷெட்டுக்கு எதிரே வண்டி நின்றது. கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு பஸ்ஸே கேட்கிற மாதிரி கத்தினார்: "கமாண்டோ ஷெட்டெல்லாம் இறங்குங்க! ரகசியமாம்ல, சத்தம் போடாம இறங்குங்க!"

பாசம் கூடினால்

சரக்கைப் பார்க்க வருகிறவர் ஒரு சுபேதார். வேலூர்ப் பக்கத்துக்காரர். இரும்பு ஸ்கேலும் ஒரு பூதக்கண்ணாடியும் சட்டைப் பையில் இருக்கும். சிரித்து நான் பார்த்ததில்லை. காப்பி கொடுத்தால் குடிப்பார், நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டார். தன் வீடு, பிள்ளை குட்டி பற்றி ஒரு வார்த்தை வராது.

தோள்பட்டை வாருக்கு அங்குலத்துக்கு ஆறு தையல் என்பது விதி. எங்கள் ஷெட்டில் கை சுத்தமான ஆள் பேச்சியம்மா. நரிக்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், வாயும் கையும் ஒரே வேகம். "வானத்துல இருந்து குதிக்கிறாக டீச்சர், ஆறு எப்படிப் பத்தும்?" என்று அவளாகவே பத்துத் தையல் போட்டிருக்கிறாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டுவிட்டார்கள். நானும் நெருக்கமாக அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். தையல் டீச்சர் புத்தி!

சுபேதார் ஸ்கேலை வைத்து எண்ணினார். ஒரு வாரை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். தபால் தலையைக் கிழித்த மாதிரி ஓட்டை வழியே நேராகக் கிழிந்து வந்தது. ஊசி அவ்வளவு நெருக்கமாகக் குத்தினால் கித்தான் துணி என்ன செய்யும்? பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சுபேதார் முதல் ரிஜெக்ட்டை எழுதிக்கொண்டே சொன்னார்: "உங்க பாசத்தை எல்லாம் வேற எங்கினாச்சும் வைங்கம்மா. இங்க ஆறு போதும்."

புளி போட்டு விளக்கியது

அடுத்த லாட்டில் அங்குலத்துக்கு ஆறு, ஒரு தையல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. நானே ஒவ்வொன்றையும் எண்ணினேன். இந்தத் தடவை ஜெயித்துவிட்டோம் என்று, சுபேதார் வருவதற்கு முதல் நாள் சாயங்காலமே வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்தேன்.

அந்தப் பைகளுக்கு ஆளுக்கு இரண்டு பித்தளைக் கொக்கி. கம்பெனியே கறுப்பேற்றி அனுப்பியிருந்தது. நான் போன பிறகு இந்தப் பெண்கள் என்ன நினைத்தார்களோ, கறுத்துக் கிடக்கிற பித்தளையைப் பெரிய மனுசன் முன்னால் எப்படி வைப்பது என்று புளியும் சாம்பலும் கொண்டுவந்து அறுநூறு கொக்கியையும் விளக்கிவிட்டார்கள். காலையில் நான் கதவைத் திறந்தால் நகைக் கடை மாதிரி மின்னுகிறது. "எப்படி டீச்சர்?" என்று பதினாலு முகத்திலும் பெருமை. மறுபடி கறுப்பேற்ற என்ன வழி என்று நான் சுற்றுமுற்றும் தேடினேன். வெளியே குதிரை வண்டிச் சத்தம் கேட்டது, சுபேதார் வந்துவிட்டார்.

அவர் ஒரு பையை எடுத்து வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திருப்பினார். எதிர்ச் சுவரில் வெளிச்சம் துள்ளியது. அவர் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் வலித்தது. "இது மின்னுற மின்னுக்கு எங்க பசங்களைச் சுட டார்ச்சு லைட்டே வோணாம்மா" என்றார்.

அறுந்த வார்

இரண்டு ரிஜெக்ட் ஆகிவிட்டது. ஷெட்டில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிற்று. அடுத்த லாட்டுக்குத் துணி வரும்வரை பழுது வேலை வந்தது. நாற்பது ஐம்பது பை, எங்கெங்கேயோ போய்விட்டு வந்தவை. நம் ஊர்க் கரிசலைப் பார்த்தே பழகிய கண்களுக்கு அந்தப் பைகளிலிருந்து கொட்டிய மண் புதுசாக இருந்தது. ஒன்றில் சிவப்பு, ஒன்றில் சாம்பல் நிறம். மடிப்பில் பெயர் தெரியாத முள் ஒட்டியிருந்தது. எங்கே போனார்கள், எதற்குப் போனார்கள் என்று கேட்கக்கூடாது. கிழிந்ததைத் தைத்துக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பையில் தோள் வார் அறுந்திருந்தது. தேய்ந்து அறுந்தது இல்லை, கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்தது. உள்ளே பார்த்தால் அங்குலத்துக்கு ஆறு. ஆனால் எங்கள் தையல் இல்லை, வேறு ஊர்த் தையல். பழுதுச் சரக்கோடு வந்திருந்த சுபேதார் அப்போது அங்கே இருந்தார். குதித்தவன் மரத்திலோ தண்ணீரிலோ பையோடு மாட்டிக்கொண்டு, கொக்கியும் திறக்காவிட்டால், அவனே வாரை அறுத்துக்கொண்டுதான் வெளியே வருவான் என்று விளக்கினார். எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

பேச்சியம்மாதான் கேட்டாள். கேட்கக்கூடாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு நாக்கு நிற்காது. "அந்தப் பிள்ளை வெளிய வந்துட்டாகளா சார்?" சுபேதார் அந்த வாரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார்: "பை வந்திருக்கும்மா."

கறை

மூன்றாவது லாட்டு. தையல் ஆறு. கொக்கி கன்னங்கறுப்பு. விளக்கிய புளிக்கும் சாம்பலுக்கும் ஷெட்டுக்குள்ளேயே தடை போட்டேன். முடிந்ததும் வழக்கம்போலத் தனியாக உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். நான் வேதக்காரி; என் ஜெபம் துணியில் ஒட்டாது.

சுபேதார் முதல் பையின் மூடியைத் திருப்பினார். உள்பக்க மூலையில் விரல் நுனி அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு. இரண்டாவது பையிலும் இருந்தது. மூன்றாவதிலும்.

"இன்னா கறை இது?"

"கறை இல்லங்கய்யா, மஞ்சள்" என்றாள் பேச்சியம்மா. "புதுசு உடுத்துறதுக்கு முன்னாடி மஞ்சள் வைக்கணும்ல. அங்க அந்தப் பிள்ளைகளுக்கு யாரு வைப்பா?"

"முந்நூறுலயுமா?"

"ஒருத்தருக்கு வச்சு ஒருத்தருக்கு வைக்காம விடலாமாய்யா?"

அன்றைக்கு நான் பேசிய பேச்சை நினைத்தால் இன்றும் கூசுகிறது. "உன் ஒருத்தியால பதினாலு வீட்டு அடுப்பும் அணையப்போகுதுடி" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அந்த அறுந்த வாரைப் பார்த்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பக்கத்து மெஷின்காரி பிறகுதான் சொன்னாள். சுபேதார் கடிகாரத்தைப் பார்த்தார். தனக்கு நாளை மறுநாள் சாயங்காலம் ரயில், அதற்குள் கறை போனால் பாஸ், போகாவிட்டால் ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டு விருதுநகர் லாட்ஜுக்குப் போய்விட்டார்.

நான் சவுக்காரத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு ஓடினேன். மஞ்சளில் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும் என்று அடுப்படி தெரிந்த எவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பயத்தில் புத்தி எங்கே இருந்தது? நாலு பை துவைத்தேன். நாலும் ரத்தச் சிவப்பாகிவிட்டது. பட்டாளத்துப் பையில் ரத்தச் சிவப்பு! அப்படியே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பேச்சியம்மா வந்து என் கையிலிருந்து சவுக்காரத்தைப் பிடுங்கினாள். "எந்திரிங்க டீச்சர். மஞ்சள் வெயிலுக்கு நிக்காது. நம்மூர்ல வேற என்ன இருக்கோ இல்லையோ, அது இருக்கு." அந்த நாலையும் நல்ல தண்ணீரில் அலசினாள், பழையபடி மஞ்சளானது. முந்நூறு பையையும் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போய் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் மூடியை விரித்து அடுக்கினோம். இரண்டு பகலும் பதினாலு பேரும் நானும் கம்பை வைத்துக்கொண்டு ஆட்டை விரட்டியபடி அங்கேயே கிடந்தோம். சித்திரை வெயில். மண்டை பிளந்தது. வாழ்நாளில் அன்றைக்குத்தான் அந்த வெயிலைக் கும்பிட்டேன். கர்த்தர் மன்னிப்பார்.

ஒரே ஒரு பை

சுபேதார் ரயிலுக்கு முன்னால் வந்தார். வழக்கமாகப் பத்துக்கு ஒன்று எடுத்துப் பார்ப்பவர், அன்றைக்கு முந்நூறையும் பார்த்தார். ஒவ்வொரு மூடியாகத் திருப்பினார். சுத்தமாக இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்தும் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. கடைசிக் கட்டு வந்தபோது நாங்கள் நிம்மதியாக மூச்சு விட ஆரம்பித்திருந்தோம்.

அந்தக் கட்டில் ஒரு பையின் மூடி கண்மாயில் சரியாக விரியாமல் மடிந்து கிடந்திருக்கிறது. மூலையில் மஞ்சள் வைத்தது வைத்தபடி இருந்தது. பேச்சியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அந்தப் பையைத் தனியே வைத்தார். நோட்டை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினார்: பாஸ் இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது, ரிஜெக்ட் ஒன்று. நான் இரண்டு தடவை படித்தேன். லாட்டு பாஸ், ஷெட்டு பிழைத்தது. பின்னால் பெண்கள் அழுவது கேட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை.

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனார். பிறகு திரும்பி வந்து, தனியே வைத்த அந்தப் பையைக் கையில் எடுத்தார். மூடியை மஞ்சள் அழியாமல் மெதுவாக மடித்தார். யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்: "ரிஜெக்ட் ஆனது சர்க்காருக்குச் சேராது இல்லம்மா? அப்ப இத நான் எடுத்துக்கினு போறேன். என் மவன் வர்ற வாரம் மொத தடவையா குதிக்கிறான்."

ஒன்பது வருஷம் அந்தப் பட்டாளத்துக்குத் தைத்துக் கொடுத்ததில் 'நன்றாக இருக்கிறது' என்று எங்கள் காதில் விழுந்தது ஒரே தடவைதான், அதையும் அந்த மனுஷர் 'ரிஜெக்ட்' என்றுதான் எழுதினார்.