பன்னிரண்டு மணி அடித்தபோது ஓடிக்கொண்டிருந்தேன்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. திருவனந்தபுரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீவராகத்தில். காலையில் பெருமாள் கோயில் சந்தனத்தோடு கிளம்பி, பள்ளி வாசலில் மாதா சிலையைத் தாண்டி வகுப்புக்குப் போவேன். இதில் ஏதாவது விசித்திரம் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். நண்பகல் பன்னிரண்டுக்குச் சிற்றாலய மணி அடிக்கும். அடித்ததும் யார் எங்கே என்ன செய்துகொண்டிருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். கரும்பலகையில் பாதி எழுதிய டீச்சர் சாக்பீஸும் கையுமாக நிற்பார். கிறிஸ்தவப் பிள்ளைகள் மாதாவை நினைத்து ஜெபம் சொல்வார்கள். மற்றவர்கள் பேசாமல் நின்றால் போதும், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். "அந்த ஒரு நிமிஷம் நம்ம பெருமாளை நெனச்சுண்டு நின்னுக்கோடி" என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்படி நின்று நின்று, மணி கேட்டாலே கால் தானாக நின்றுவிடும் அளவுக்குப் பழகிவிட்டது.

அந்த வருஷம் பள்ளிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக நான், கடைசியாக என் தோழி. கடற்கரைப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். என்னைவிட ஒரு வகுப்பு மேலே. ஓட ஆரம்பித்தால் பிடிக்க ஆள் கிடையாது. ஆனாலும் கோப்பை வருஷா வருஷம் கை நழுவிக்கொண்டே இருந்தது. பத்தாவது முடித்துப் பள்ளியை விட்டுப் போவதற்குள் ஒரு தடவையாவது அதைத் தூக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று, கொட்டுகிற மழையிலும் பயிற்சிக்கு வருவாள்.

சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்ததால் எங்கள் ஓட்டம் உச்சி வெயிலுக்குத் தள்ளிப்போனது. குச்சி என் கைக்கு வந்தபோது நாங்கள்தான் முதலில். பின்னால் வந்தவர்களுக்கும் எனக்கும் நல்ல இடைவெளி. தோழியை நோக்கிப் பறந்துகொண்டிருந்தேன். மணி அடித்தது.

நான் நின்றுவிட்டேன்.

சத்தியமாக, யோசித்து நிற்கவில்லை. கால் நின்றது, அவ்வளவுதான். இதைவிடக் கூத்து, எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் கப்சிப் என்று தலை குனிந்து நின்றார்கள். வேறு பள்ளிப் பெண்கள் இருவர் என்னைத் தாண்டிப் போனார்கள். அந்த அமைதியில் ஒரே ஒரு குரல். மணி விஷயத்தில் எங்களை மிரட்டியே வைத்திருந்த, விளையாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர், சிலுவை போட உயர்த்திய கையை அப்படியே வீசி, "ஓடு மோளே, ஓடு!" என்று அலறினார்.

ஓடினேன். தோழியின் கையில் குச்சியை வைத்தேன். முன்னால் ஓடிக்கொண்டிருந்த இருவரில் ஒருத்தியை அவள் தாண்டிவிட்டாள். இன்னொருத்தியைத் தாண்ட மைதானம் போதவில்லை.

தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் முகத்தில் எப்படி விழிப்பது? மூச்சிரைக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "எடி, நீ நின்னது எனக்குத் தெரியவே தெரியாது. ஞானும் கண்ணை அடச்சு நின்னுட்டுதானே இருந்தேன்" என்றாள். கையை மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்! அழுகையோடு அழுகையாக இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிஸ்டர் வந்தார். திட்டத்தான் போகிறார் என்று எழுந்தேன். பார்த்தால், அவர் முகம்தான் மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம்போல இருந்தது. "ஜபத்துக்கு நடுவில ஞான்தானே கூவினது. வா, பாக்கியைச் சொல்லி முடிக்கலாம்" என்றார்.

வெயிலில் மைதானத்தின் நடுவே மூவரும் நின்றோம். அவர்கள் விட்ட இடத்திலிருந்து மாதா ஜெபத்தைத் தொடர்ந்தார்கள். நான் முணுமுணுப்பாக என் பெருமாள் சுலோகத்தைச் சொன்னேன். சுலோகம் கொஞ்சம் நீளம். சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தால், அவர்கள் இருவரும் கை கூப்பியபடி எனக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

இப்போது நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தோழியின் கைக்கு அந்தக் கோப்பை போய்ச் சேராத வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் என் சுலோகம் முடியும்வரை வெயிலில் காத்து நின்ற அந்த இருவரை நினைத்துத்தான், என் மகளைச் சேர்க்கும் காலம் வந்தபோது, வேறெந்தப் பள்ளியின் படியையும் ஏறிப் பார்க்காமல் நேராக அந்த மாதா சிலையைத் தாண்டி உள்ளே போனேன்.