லாக் அவுட் செய்யாத ஒன்பது நாட்கள்

மாமியார் படுத்த படுக்கையாக இருந்த நாலு வருஷமும் நான் வேலைக்குப் போகவில்லை. அவர் போன பிறகு கிடைத்த முதல் வேலை இது. மயிலாப்பூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையம். முதல் மாடியில் எட்டு மெஷின்கள், வெளியே ஹாலில் நாற்காலிகள், சுவரில் ஒரு டிவி. யாருக்கு எந்த மெஷின், அடுத்து யார் என்பது அந்த டிவியில் தெரிய வேண்டும். அதற்கான புரோகிராமை எழுதித் தருவதும், கோளாறு வந்தால் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ்.

புரோகிராம் ஓடியது, அறக்கட்டளை வாடகைக்கு எடுத்திருந்த ஒரு லினக்ஸ் சர்வரில். அதன் முழு அதிகாரமும் சர்வர் கம்பெனிக்காரர்களிடம் இருந்தது. எனக்கு ஒரு சாதாரண யூஸர் கணக்கு மட்டும். அதுவே போதும் என்று முதல் நாள் நானே தாராளமாகச் சொல்லியிருந்தேன். புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒன்றாகக் கட்டி ஒரு கண்டெய்னரில் போட்டு, அதை என் கணக்கின் கீழ் ஒரு சர்வீஸாக ஓடவிட்டேன். எதனால் நின்றாலும் உடனே மறுபடி தொடங்கு என்று அதில் எழுதியும் வைத்தேன். ஒரு வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. மையத்தில் அதுவரை பெயர் எழுதிக்கொண்டிருந்த வெள்ளைப் பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே டிவியை மாட்டினார்கள்.

மாட்டிய மறுநாள் காலை மையத்தின் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். சாந்தோம்காரர், ஐம்பது வயது இருக்கும். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான்.

"மேடம், டிவியில ஒண்ணுமே வரல."

உடனே சர்வருக்குள் லாகின் செய்து பார்த்தேன். சர்வீஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. "இங்க ஓடுதே சிஸ்டர். ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றேன். பண்ணினார். வந்துவிட்டது. நிம்மதியாக லாக் அவுட் செய்துவிட்டுச் சாதம் வைக்கப் போனேன். குக்கர் விசில் வருவதற்குள் மறுபடி போன்.

இரண்டு நாள் இப்படியே ஓடியது. அவர் இல்லை என்பார். நான் உள்ளே போய்ப் பார்த்தால் இருக்கும். நான் வந்த பிறகு அவருக்கும் இருக்கும். மெமரி போதவில்லையோ என்று பார்த்தேன். கண்டெய்னரைப் பிரித்துப் புதிதாகக் கட்டினேன். கடைசியில், என் பக்கம் குற்றமில்லை என்ற முடிவுக்கு வந்தேன். உங்கள் வைஃபைதான் சரியில்லை என்று சிஸ்டரிடம் சொன்னேன். ரவுட்டர் கதவுக்கு மேலே பரண் மாதிரி ஒரு பலகையில் இருந்தது. அதை அணைத்துப் போட ஒவ்வொரு தடவையும் அவர் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். நாலு தடவை ஏறச் சொன்னேன். நாலு தடவையும் ஏறினார்.

மூன்றாம் நாள் மத்தியானம்தான் சர்வர் தானே எழுதி வைத்திருந்த குறிப்புகளை நிதானமாகப் படித்தேன். எந்த இடத்திலும் தவறு என்று ஒரு வரி இல்லை. என் சர்வீஸ் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக, யாரோ சொல்லி நிறுத்தியது போல நின்றிருந்தது. எப்போதெல்லாம் என்று ஒரு காகிதத்தில் எழுதினேன். பக்கத்தில், நான் லாக் அவுட் செய்த நேரங்களையும் எழுதினேன். நான் வெளியேறியதற்கும் அது நின்றதற்கும் நடுவில் ஒவ்வொரு தடவையும் பத்தே விநாடி.

விஷயம் இதுதான். லினக்ஸில் ஒருவர் உள்ளே வரும்போது அவருக்கென்று ஒரு மேனேஜரும் எழுந்து வரும். அவர் ஒப்படைத்த வேலைகளை அதுதான் ஓட்டும். அவர் வெளியேறினால் அதுவும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடும். மறுபடி தொடங்கு என்று நான் எழுதி வைத்ததை நிறைவேற்ற வேண்டியதே அந்த மேனேஜர்தான். அதுவே இல்லாதபோது யார் தொடங்குவது? நான் பார்க்க வந்தபோதெல்லாம், வந்ததனாலேயே அது ஓடியது. வீட்டில் ஒரு வாரம் நிற்காமல் ஓடியதும், நான் ஒரு வாரம் லாக் அவுட் செய்யாததனால்தான்.

இதற்கு ஒரு வரியில் மருந்து உண்டு. ஆள் இல்லாதபோதும் இவருடைய மேனேஜர் தங்கியிருக்கலாம் என்று ஓர் அனுமதி. அந்த வரியைத் தட்டினேன். உனக்கு உரிமை இல்லை என்று பதில் வந்தது. சர்வர் கம்பெனிக்கு எழுதினேன். அறக்கட்டளைச் செயலாளரின் மெயிலிலிருந்து கேட்டால்தான் செய்வோம் என்றார்கள்.

செயலாளர் கண்டிப்பானவர். அவரிடம் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சரியாகச் சோதிக்காமலே மாட்டிவிட்டேன், இரண்டு நாளாகச் சிஸ்டரின் வைஃபை மேல் பழி போட்டேன், வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதுவரை லாக் அவுட் செய்யாமல் இருந்தால் போதும்.

சாயந்திரம் சிஸ்டர் கூப்பிட்டார். "இப்ப நல்லா வருது மேடம். என்னதான் ப்ராப்ளம்?"

"சர்வர்ல ஒரு செட்டிங் சிஸ்டர். சரி பண்ணிட்டேன்."

"அப்ப எங்க வைஃபை இல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "அதுவும் கொஞ்சம் இருந்தது" என்றேன்.

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. ஒரு நாள் நன்றாக ஓடிவிட்டால் மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. லாப்டாப் மூடாமல் மேஜையிலேயே கிடந்தது. இணைப்பு அறுந்தால் தானாகவே மறுபடி உள்ளே போகும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஆனால் லாப்டாப் விழித்திருக்க வேண்டும், வீட்டில் கரண்ட் இருக்க வேண்டும், நெட் இருக்க வேண்டும். மழை மாதம் வேறு. காய் வாங்கக் கீழே இறங்கினால்கூடப் பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து திரையைப் பார்ப்பேன். குளிக்கப் போனால் போனைச் சோப்பு வைக்கிற இடத்தில் வைத்துக்கொள்வேன்.

அடையாறில் என் கணவரின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். தலைவலி என்றேன்.

"அதை மூடி வெச்சுட்டு வாயேன்" என்றார் அவர்.

"மூட முடியாது."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னார்: "அம்மா இருந்தப்ப நீ எங்கயும் வர முடியாதுன்னு சொல்லுவ. நியாயம்தான். இப்ப யாரு இருக்கா?"

அவர் போன பிறகு ரொம்ப நேரம் அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு வருஷத்தில், கட்டிலில் இருமல் சத்தம் கேட்கிறதா என்று அடுப்படியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். இப்போதும் அதே மாதிரி காது விறைத்துக்கொண்டிருந்தது. அப்போது என்னைக் கட்டி வைத்தது ஓர் உயிர். இப்போது கட்டி வைத்த முடிச்சை நானே போட்டிருந்தேன். அவிழ்க்க ஒரு போன் போதும். தெரிந்தும் கை போகவில்லை.

லாக் அவுட் செய்யாத ஏழாம் நாள் கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்தது. எட்டாம் நாள் கன்னம் வீங்கியது. ஒன்பதாம் நாள் விடியும்போதே மழை, தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. வீட்டு நெட் போய்விட்டது. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு லாப்டாப்பை இணைத்தேன். வலி காது வரை ஏறியிருந்தது. தி.நகரில் இருக்கும் பல் டாக்டர் பதினோரு மணிக்கு வரச் சொன்னார். லாப்டாப்பைத் திறந்தபடியே ஒரு பெரிய துணிப்பைக்குள் சாய்த்து வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை இரண்டு தடவை பார்த்தார்.

கிளினிக்கில் அதை ஒரு நாற்காலியில் வைத்து, போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். டாக்டர் ஊசி போட்டார். நாக்கும் உதடும் தடித்து, யாருடையதோ மாதிரி ஆயின. பல்லைக் குடைய ஆரம்பித்தார். வாயைப் பிளந்துகொண்டு மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒன்பது நாளில் நான் திரையைப் பார்க்காமல் இருந்த மிக நீண்ட நேரம் அதுதான். அரைமணி இருக்கும்.

அங்கே உதவிக்கு இருந்த பெண் உள்ளே எட்டிப் பார்த்து அன்பாகச் சொன்னாள்: "மேடம், உங்க லாப்டாப் தெறந்தே இருந்துச்சு. சார்ஜ் போயிடும்னு மூடி வெச்சுட்டேன்."

எழுந்திருக்கப் பார்த்தேன். டாக்டர் தோளை அழுத்தி, "அசையாதீங்க, இன்னும் பத்து நிமிஷம்" என்றார். வெளியே என் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அது யார் என்று எனக்குத் தெரியும். பல்லுக்குள் கருவி சுழல, நகர முடியாமல், அடிக்க அடிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் லாப்டாப்பைத் திறந்தேன். காலையிலிருந்து கரண்ட் இல்லாததால் பேட்டரி முழுக்கத் தீர்ந்திருந்தது. சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

"மேடம், டிவி போயி இருபது நிமிஷம் ஆச்சு. காலை ஷிஃப்ட் முடிஞ்சு ஆளுங்க மாறுற நேரம். என்ன பண்றது?"

"சிஸ்டர், நான்..." என்றேன். வார்த்தை வரவில்லை. வாயிலிருந்து வந்தது எனக்கே புரியவில்லை.

"ஹலோ? என்ன சொல்றீங்க? குடிச்சிருக்கீங்களா?"

போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

மையத்தின் ஹாலில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. டிவி கறுப்பாக இருந்தது. யார் முதலில் என்று தெரியாமல் ஒரு மெஷினுக்கு இரண்டு பேரை அனுப்பிவிட்டார்கள். நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் ஓர் அம்மாள், மீன் விற்பவர், பாதி வழியில் திருப்பி உட்கார வைக்கப்பட்டிருந்தார். கால் இரண்டும் வீங்கி, மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. டிவி மாட்டிய அன்று நான் விளக்கிச் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவர்.

"இன்னாம்மா, உன் டிவி பூட்ச்சா?" என்றார். "பத்து மணிக்கே வந்து குந்திக்கினு கீறேன். மூச்சு முட்டுது."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எச்சில்தான் வழிந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். என்ன நினைத்தாரோ, பக்கத்து நாற்காலியிலிருந்த தன் கூடையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, "குந்து" என்றார்.

நான் உட்காரவில்லை. சிஸ்டரின் அறைக்குப் போய், லாப்டாப்பைச் சார்ஜில் போட்டு, உள்ளே நுழைந்தேன். டிவியில் பட்டியல் வந்தது. சிஸ்டர் ஹாலுக்கு ஓடிப்போய் எல்லோரையும் ஒழுங்குபடுத்தினார். அந்த அம்மாளை நாலாம் எண் மெஷினுக்கு அழைத்துப் போவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம்.

சிஸ்டர் திரும்பி வந்தபோது ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். 'அன்று சரி பண்ணவில்லை. நான் உள்ளே இருந்தால்தான் ஓடும். அதை மாற்றச் செயலாளர் சர்வர் கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டும். ஒன்பது நாளாக வெளியே வராமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வைஃபையில் எந்தக் குறையும் இல்லை.'

நின்றபடியே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"எனக்கு முட்டி வலி" என்றார். "நாலு வாட்டி ஸ்டூல் மேல ஏறினேன். வைஃபை காரனுக்குப் போன் போட்டு அவனைத் திட்டினேன். அவன் பாவம், மழையில வந்து பார்த்துட்டுப் போனான். நீங்க சொன்னதை நான் நம்பினேன் மேடம்."

நான் தலையை ஆட்டினேன்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அந்தப் போர்டையாவது வெச்சிருப்பேன். உள்ள படுத்திருக்கிறவங்க என்ன, உங்க லாப்டாப்பை நம்பியா படுத்திருக்காங்க?"

அழுகை வந்தது. உணர்ச்சியில்லாத உதட்டோடு அழுவது எப்படி என்று தெரியாமல் முகம் கோணிக்கொண்டது. அவர் தன் போனை எடுத்துச் செயலாளரைக் கூப்பிட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், கூட்டாமலும் குறைக்காமலும். பிறகு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஒன்பது நாளா என்ன பண்ணிண்டிருந்தேள்?" என்றது செயலாளரின் குரல். "ஒரு மெயில்தானே கேட்டிருக்கா? அன்னிக்கே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல அனுப்பியிருப்பேனே."

ஐந்து நிமிஷத்தில் அனுப்பவும் செய்தார். கம்பெனியில் யாரோ ஒருவர் அந்த ஒரு வரியைத் தட்ட நாற்பது நிமிஷம் ஆயிற்று. முடிந்தது என்று பதில் வந்ததும், சிஸ்டர் என் பின்னால் வந்து நின்றார்.

"இப்ப வெளிய வாங்க" என்றார்.

விரல் போகவில்லை. ஒன்பது நாளாகத் தொடாத வார்த்தை. தட்டினேன். லாப்டாப்பையும் மூடினேன். இரண்டு பேரும் ஹாலுக்குப் போய் டிவி முன்னால் நின்றோம். பத்து விநாடி. அரை நிமிஷம். ஐந்து நிமிஷம். பட்டியலில் ஒருவர் பெயர் மேலே ஏறியது. சிஸ்டர் உள்ளே போய்விட்டார்.

வேலை போகவில்லை. செயலாளர் ஒரு கடிதம் கேட்டார், நடந்ததை எழுதிக் கொடுத்தேன். டிவிக்குக் கீழே, புதிதாக ஆணி அடித்து, வெள்ளைப் பலகையை மறுபடி மாட்டினார்கள். சிஸ்டர் தினமும் காலையில் அதிலும் பெயர்களை எழுதுகிறார். தேவையில்லை என்று நான் சொல்லவில்லை.

பல மாதம் ஆகிவிட்டது. இன்றும் வெளியே போனால் அரைமணிக்கு ஒரு தடவை போனில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கிறேன். அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, என் தயவில்லாமல். பார்க்காமல் இருக்கத்தான் இன்னும் முடியவில்லை. போன வாரம் வேறொரு சின்னக் கோளாறைச் சரிசெய்துவிட்டு சிஸ்டருக்குப் போன் செய்தேன்.

"நெஜமாவே சரியா?" என்றார். "இல்ல, உள்ள உக்காந்து புடிச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

சிரித்துக்கொண்டே கேட்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. "வெளிய வந்து ஒரு மணி நேரம் பார்த்துட்டுத்தான் கூப்பிடறேன் சிஸ்டர்" என்றேன்.